வேலையில்லாத காய்

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே தயாராகும் மின்னணுப் பலகைகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று சோதிக்கும் நிரல்களை எழுதுவேன். பதினெட்டு வருடமாக அதே வேலைதான். பலகை நல்லது, அல்லது பலகை கெட்டது. என் நிரல்கள் இந்த இரண்டுக்கு மேல் எதையும் சொன்னதில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபோது ஒரு சதுரங்க நிரல் எழுதிப் பார்க்க எனக்கு ஆசை வந்தது. சதுரங்கத்தில் நான் சுமார்தான். ஆனால் நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு இருந்தது.

எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆனது. முடிந்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். அங்கே ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் வாராவாரம் சதுரங்கம் ஆடுவோம். கடைக்காரர் மாடியை எங்களுக்குச் சும்மாவே விட்டிருந்தார். மதியச் சாப்பாட்டை மட்டும் கீழே அவரிடம் சாப்பிட வேண்டும். மீன் தலைக் குழம்பு தீர்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால் பன்னிரண்டரை மணி ஆட்டங்களில் எல்லோரும் கொஞ்சம் அவசரமாகவே தோற்பார்கள்.

அன்றைக்கு என் நிரல் ஐந்து பேரை வரிசையாக வென்றது. எங்கேயாவது ஒரு காய் காவல் இல்லாமல் நின்றால் அது விடாது. மூன்று நகர்வில் ராஜாவை மடக்க வழி இருந்தால் அரை நொடியில் கண்டுபிடித்துவிடும். ஓய்வுபெற்ற ஒரு வங்கி குமாஸ்தா, எங்களில் மூத்தவர், இரண்டு தரம் தோற்றுவிட்டு, இதோடு ஆடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று என்று சொல்லி எழுந்துபோனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறாவதாக உட்கார்ந்தவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். பாகான் டாலாமைச் சேர்ந்தவர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களை எந்த வரிசையில், எந்த அடுக்கில் வைப்பது என்று திட்டம் போடும் பிரிவில் இருந்தார். எங்கள் மாடியில் அவரை வென்றவர்கள் இரண்டு பேர்தான், அதுவும் எப்போதாவது. அதிகம் பேசமாட்டார். வயது வித்தியாசத்தால் நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இல்லை.

அவர் ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஒரு சிப்பாயைக்கூட வெட்டுக்கொடுத்து, பலகையின் நடுவை மூடிவிட்டு, குதிரையை முன்னே கொண்டுபோனார், பின்னே கொண்டுவந்தார், இன்னொரு பக்கமாகக் கொண்டுபோனார். திரையின் ஓரத்தில் என் நிரல் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஓர் எண் தெரியும். ஒரு சிப்பாய் கூடுதல், நாம்தான் முன்னால் இருக்கிறோம் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. முப்பதாவது நகர்விலும் சொன்னது. முப்பத்தைந்தாவது நகர்வில் அந்த எண் சட்டென்று விழுந்தது. அப்போது பார்த்தால் நிரலுக்கு நகர்த்த ஒரு நல்ல காய் கிடையாது. எதைத் தொட்டாலும் ஏதோ ஒன்று போகும். நாற்பத்தெட்டில் முடிந்தது.

எந்த இடத்தில் தோற்றது என்று கேட்டேன். கடைசிப் பத்து நகர்வுகளில் ஒன்றைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காய்களை எல்லாம் திரும்ப அடுக்கி, பதினான்காவது நகர்வுக்கு வந்து நிறுத்தினார். நிரல் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளியிருந்தது, அவ்வளவுதான்.

"இங்கயே முடிஞ்சிருச்சுண்ணே. இத தள்ளினதும் இந்த மந்திரிக்கு வழி இல்ல. அதுக்கப்புறம் உங்க புரோகிராம் ஒரு காய் கம்மியாத்தான் ஆடுச்சு. அதுக்கே அது தெரியல."

சாய்கோட்டில் ஓடும் அந்த மந்திரியைப் பார்த்தேன். தன் சிப்பாய்களே நாலு பக்கமும் அடைத்து நிற்க, ஆட்டம் முடியும்வரை ஒரே மூலையில் இருந்திருக்கிறது. என் நிரலின் கணக்கில் அதற்கு முழு மதிப்பு. ஒரு சிப்பாய்க்கு நூறு, மந்திரிக்கு முந்நூற்று முப்பது என்று நான்தான் எழுதியிருந்தேன். எங்கே நின்றாலும் முந்நூற்று முப்பது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு உலகத்தின் பெரிய சதுரங்க நிரல்களுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அவை கோடிக்கணக்கான ஆட்டங்களை விழுங்கித் தாமாகவே கற்றுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைக் காசு கொடுக்காமல் என் கணினியில் இறக்கிக்கொள்ளலாம், உலகச் சாம்பியனையும் அது வெல்லும். ஆனால் ஒரு நிலையில் வெள்ளை ஏன் மேல் என்று கேட்டால் அது வாய் திறக்காது. ஓர் எண்ணைக் காட்டும், அதோடு சரி. எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. பதினான்காவது நகர்வில் அவருக்குத் தெரிந்தது என்ன, அதை ஒரு விதியாக எழுத முடியுமா, எழுதினால் என் நிரலுக்கு அது புரியுமா என்று அடுத்த ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரிடமே கேட்டேன். தனக்குச் சொல்லிக்கொடுக்க வராது, ஆடத்தான் தெரியும் என்றார். சொல்லிக்கொடுக்க வேண்டாம், நான் ஒரு நிலையைக் காட்டுகிறேன், எந்தப் பக்கம் உட்கார ஆசை என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அது முடியும் என்றார்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. அவருக்குக் காலை ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும். நான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து காரில் வந்துவிடுவேன். பாகான் டாலாமில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு ஒட்டுக்கடை, தகரக் கூரை, நாலு மேசை. தே ஓ ஐஸ், பால் இல்லாத குளிர்ந்த தேநீர், இரண்டு வாங்கிக்கொண்டு உட்காருவோம். நான் ஒவ்வொரு நிலையாகப் பலகையில் அடுக்குவேன். அவர் பார்ப்பார். சில நேரம் பத்து நொடி, சில நேரம் பத்து நிமிடம். பிறகு கறுப்பு என்பார், அல்லது வெள்ளை என்பார். ஏன் என்று ஒரு வரி சொல்லுவார். அவர் சொன்னதை அப்படியே ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். 'குதிரைக்கு வீடு கிடைச்சிருச்சு.' 'ராணி மட்டும் வேலை செய்யுது, மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது.' 'பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாது.' வாரம் பத்துப் பன்னிரண்டு நிலை. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்படிப் போனது.

முதலில் மந்திரியைத்தான் எடுத்துக்கொண்டேன். மந்திரி ஓடும் நிறக் கட்டங்களிலேயே அதன் சிப்பாய்கள் அடைத்துக்கொண்டு நின்றால் மதிப்பைக் குறை என்று எழுதினேன். நிரல் அன்றே பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. மந்திரிக்கு வழி வேண்டும் என்பதற்காகச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக வாரிக்கொடுத்தது. மந்திரி பலகை முழுதும் சுதந்திரமாக ஓடியது, பாதுகாக்கத்தான் அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. எண்ணைக் குறைத்தேன், பழைய வியாதி திரும்பி வந்தது.

அடுத்தது குதிரை. எதிரியின் பகுதிக்குள், சிப்பாய்களால் விரட்ட முடியாத கட்டத்தில், தன் சிப்பாயின் காவலோடு நிற்கும் குதிரைக்குக் கூடுதல் மதிப்பு. அவர் 'வீடு' என்று சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். நிரல் அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. ஒரு ஆட்டத்தில் ஆறு நகர்வு செலவழித்து, பலகையின் ஓரத்தில், யாரும் வராத ஒரு மூலையில் குதிரையைக் கொண்டுபோய் உட்காரவைத்துத் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"வீடு கட்டிருச்சுண்ணே, சரி. ஆனா அங்க இருந்துக்கிட்டு யாரத் தொந்தரவு பண்ணுது?"

நான் விட்டது அதைத்தான். இடம் நல்ல இடமா என்று பார்த்தேனே தவிர, அந்த இடத்திலிருந்து அந்தக் காய்க்கு என்ன வேலை என்று பார்க்கவில்லை. திரும்ப எழுதினேன். குதிரை நிற்கும் இடத்திலிருந்து எதிரியின் எந்தெந்தக் காய்கள் ஒதுங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். கொஞ்சம் மனுஷத்தனம் வந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிரலைத் தன் பழைய பதிப்போடு ஆடவிடுவேன். நான் தொழிற்சாலையில் இருக்கும் பகல் முழுதும் வீட்டில் அது தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் வந்து பார்ப்பேன். பாதி மாற்றங்கள் நிரலை மோசமாக்கியிருந்தன. அதை அவரிடம் சொல்லும்போது அவர் ஒரு தரம்கூட, நான் சொன்னது சரி, நீங்கள் எழுதியதுதான் தப்பு என்று சொன்னதில்லை. அப்படியா, பலகையை வையுங்கள் என்பார். தான் சொன்ன வரியை மறுபடி எடுத்து, அது எங்கே உண்மை, எங்கே உண்மை இல்லை என்று காயை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷி. அவ்வளவு பொறுமையை நான் என் துறையில் யாரிடமும் கண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை, காய்களைப் பார்க்கும்போது எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். முதலில் ராஜாவா, ராணியா? கொஞ்சம் யோசித்தார். என் பக்கத்தில் எந்தக் காய்க்கு வேலை இல்லை என்றுதான் முதலில் பார்ப்பேன், அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும் என்றார். ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அதுவரை எல்லாக் காய்களின் மதிப்பையும் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டினால் ஒரு காயின் சோம்பேறித்தனத்தை மற்ற காய்களின் உழைப்பு மறைத்துவிடும். அவர் கூட்டவே இல்லை. ஆக மோசமான ஒன்றைத் தேடினார். துறைமுகத்திலும் இதே கண்தானே என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். கண்டெய்னர் அடுக்கும்போதும் அடியில் எது மாட்டிக்கொள்ளும் என்று பார்ப்பீர்கள் அல்லவா, அந்தப் பழக்கம்தான் இங்கே வருகிறது என்றேன்.

அவர் தே ஓ ஐஸை உறிஞ்சிவிட்டு, "இல்லலாண்ணே. அங்க கம்ப்யூட்டர் சொல்ற மாதிரி வைப்போம். வேலைய இதுல கொண்டு வராதீங்க. இதுக்கு வர்றதே வேலைய மறக்கத்தான்" என்றார்.

துறைமுகப் பேச்சை அதோடு விட்டேன். ஆனால் அந்த வாரமே விதியை எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஆகக் குறைவாக வேலை செய்யும் காயைக் கண்டுபிடி. அதற்குத் தனியாக ஒரு தண்டனை. அது வேலைக்குப் போகும் வழி எத்தனை நகர்வில் இருக்கிறது என்று பார்த்து, தூரத்துக்கு ஏற்பத் தண்டனையைக் கூட்டு. நிரல் கொஞ்சம் மெதுவானது. ஆனால் பழைய பதிப்பைத் துவைத்து எடுத்தது. என் இரண்டு வருட உழைப்பில் இல்லாத முன்னேற்றம் அந்த முப்பது வரிகளில் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பை முழுதாக்கியது.

கணக்குப் புத்தகத்தில் ஒரு நிலை இருந்தது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் வெள்ளையின் மந்திரி அடைபட்டுக் கிடந்தது. கறுப்புக்கு நடுப்பலகையில் ஒரு அருமையான குதிரை. அவர் யோசிக்காமல் கறுப்பு என்று சொல்லியிருந்தார். 'வெள்ளைக்கு மூச்சு விட முடியாது' என்று வரி. புதிய நிரலிடம் அதே நிலையைக் கொடுத்தேன். அது வெள்ளை என்றது. எங்கேயோ தப்பு என்று இரண்டு நாள் வரி வரியாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அவரிடம் சொன்னேன். அந்தப் பெரிய நிரல் ஒன்று என் கணினியில் இருக்கிறது, அதைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்றேன். வேண்டாம் என்றார். ஆடிப் பார்த்துவிடலாம், நிரல் வெள்ளை, தான் கறுப்பு என்று சொன்னார்.

சனிக்கு ஒரு ஆட்டம். முதல் மூன்றையும் அவர் வென்றார். அவர் ஆட ஆட எனக்கே வெள்ளைக் காய்களின் பக்கம் உட்கார மூச்சு முட்டியது. நான் ஆட்டங்களுக்கு நடுவே நிரலில் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன், ஆனால் அந்த நிலைக்கென்று எதையும் எழுதவில்லை. அது ஏமாற்று வேலை ஆகிவிடும்.

நாலாவது சனிக்கிழமை நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேசினால் கேட்காது. ஏழாவது நகர்வில் நிரல் வழக்கமாக ராஜாவை ஒதுக்கும். அன்று ஒதுக்கவில்லை. நடுவில் இருந்த தன் சிப்பாயை முன்னே தள்ளி, எடுத்துக்கொள் என்று நீட்டியது. கூடுதலாக இருந்த ஒரே சிப்பாய் அதுதான். பழைய பைத்தியம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படி நினைத்திருக்க வேண்டும், உடனே எடுத்தார். எடுத்த பிறகு, கையில் அந்தச் சிப்பாயை வைத்துக்கொண்டே பலகையைப் பார்த்தார்.

மந்திரிக்கு வழி திறந்துவிட்டிருந்தது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை நீண்ட சாய்கோடு முழுதும் இப்போது அதனுடையது. கறுப்பின் அருமையான குதிரைக்குக் கீழே இருந்த காவல் சிப்பாய் இடம் மாறிவிட்டதால் அந்தக் குதிரையும் இனி நிலையாக நிற்க முடியாது. இரண்டு பக்கமும் காய்கள் சமம். ஆனால் ஒரே நகர்வில் வேலையில்லாத காய் வெள்ளையிடமிருந்து கறுப்பிடம் போய்விட்டது.

அவர் இருபது நிமிடத்துக்கு மேல் அசையவில்லை. மழை குறைந்தது. கடைக்காரப் பெண் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டதற்கு நான்தான் தலையாட்டினேன். கடைசியில் அவர் கையிலிருந்த சிப்பாயை மேசையில் வைத்தார்.

"இது எனக்குத் தெரியாதுண்ணே. நான் இந்த மந்திரிய செத்ததுன்னே வச்சிருந்தேன். அது சாகல."

பிறகு கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அந்த நிலை இருந்த பக்கத்தைத் தானே புரட்டிக் கண்டுபிடித்து, கறுப்பு என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, வெள்ளை என்று எழுதினார். கீழே காரணத்துக்கு இருந்த வரியையும் அடித்துவிட்டு, 'ஒரு சிப்பாய் கொடுத்தா மூச்சு வரும்' என்று தன் கையெழுத்தில் எழுதினார். அந்தப் புத்தகத்தில் அவர் கைப்பட எழுதிய வரி அது ஒன்றுதான்.

 நிரலை நினைத்துப் பெருமை வந்தது உண்மை. அந்த நகர்வை ஆடு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மந்திரிக்கு ஒரு விதி, குதிரைக்கு ஒரு விதி, வேலையில்லாத காய்க்கு ஒரு விதி, எல்லாம் தனித்தனியாகக் கிடந்தவை, அந்த மழையில் தாமாகச் சேர்ந்துகொண்டன. ஆனால் அதைவிட, தன் தீர்ப்பைத் தானே அடித்து எழுதிய அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றதும் காரணம் தேடுகிறவர்களையே பார்த்துப் பழகியவன் நான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். தொழிற்சாலையில் ஒரு சோதனை தப்பாகிவிட்டால் நான் முதலில் குறை சொல்வது பலகையைத்தான்.

அடுத்த ஞாயிறு அவராகவே மாடியில், எல்லோர் முன்னாலும், நிரலோடு முழு ஆட்டம் ஆட உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் போனது. சாப்பாட்டுக்கு யாரும் கீழே இறங்கவில்லை. அறுபது நகர்வுக்குப் பிறகு அவர் ராஜாவைச் சாய்த்தார். வங்கி குமாஸ்தா, இயந்திரம் கடைசியில் உன்னையும் மிஞ்சிவிட்டதே அம்மா என்று அனுதாபமாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அதற்குப் பாதிப் பாடம் சொல்லிக்கொடுத்ததே தான்தான், ஆகவே பாதி வெற்றி தனக்கும் சேரும் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, நிறம் மாற்றி இன்னொரு ஆட்டம் வைக்கச் சொன்னார். அதில் அவர் வென்றார்.

சாயங்காலம் ஃபெரியில் ஒன்றாகத்தான் திரும்பினோம். காற்று பலமாக இருந்தது, இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். நிரலில் உருவாக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் போடப்போகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்து, வற்புறுத்துவதற்கு நாலு காரணம் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் சரி என்றார். பெயரில் ஓர் எழுத்தை எல்லோரும் தப்பாக எழுதுவார்கள், கவனமாகப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

தோற்றது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

"தோத்தது பிடிக்கல. ஆனா அது என்னை அடிச்ச விதம் பிடிச்சிருந்துச்சு. அவசரப்படவே இல்ல பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். பட்டர்வொர்த் துறையில் இறங்கியதும் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்து நடந்தார். அடுத்த நாள் காலை ஆறரைக்கு அவருக்கு ஷிஃப்ட். நான் காரில் ஏறி, புக்கிட் மெர்தாஜாம் போகும் சாலையில் நெரிசல் குறையட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து எழுதினேன்.